இரும்பைப் பிடிக்கும் இரும்பு

பெரியமுத்து டெலிபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினான். நீளமாக ஒரு சுற்று, குட்டையாக இரண்டு. அது ஆசுபத்திரிக்கு உரிய மணி. பட்லர் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அது மனப்பாடம். சுற்றி முடித்துக் காதுக் குழலை எடுத்து வைத்துக் கேட்டான். கம்பியில் ஓடும் இரைச்சல் கேட்டது. மனிதக் குரல் கேட்கவில்லை. மறுபடி சுற்றினான். மறுபடி அதே இரைச்சல்.

பொழுது விடிந்ததிலிருந்து இதே கதைதான். துரையும் துரைசாணியும் பட்லரைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போயிருந்தார்கள். பங்களாவில் வேலைக்காரன் அவன் ஒருவன்தான். கீழே தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அவன் மனைவி அழகுத்தாய் நேற்று விளக்கு வைத்த நேரத்திலிருந்து பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவம் பார்க்கும் மூக்கம்மாள் விடியற்காலையில் சாக்குத் திரையை விலக்கி வெளியே வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று சொல்லிவிட்டாள். தன் கைக்கு அது அடங்காது. டாக்டர் வந்து திருப்பினால் உண்டு. இல்லையென்றால் இரண்டு உயிரும் போய்விடும்.

ஆசுபத்திரி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. டாக்டரிடம் குதிரை உண்டு, சொன்னால் வந்துவிடுவார். ஆனால் சொல்வதற்கு ஒரு ஆள் இந்த ஆடி மழையில் நடந்து போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் யானை இறங்கும், குதிரை நகராது. கங்காணி ஒரு ஆளை அனுப்பத்தான் செய்தார். அவன் போய்ச் சேர்ந்து பயன் இருக்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. துரை வீட்டு டெலிபோன் ஒன்றுதான் வழி.

கம்பி எங்கேயாவது அறுந்து கிடக்க வேண்டும் என்று பெரியமுத்து சாமியை வேண்டிக்கொண்டான். இப்படி ஒரு வேண்டுதலை யார் செய்வார்கள்? கம்பி அறுந்திருந்தால் குற்றம் மழையுடையது. அறுந்திருக்காவிட்டால் குற்றம் அவனுடையது. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து அவன் ஒரு சாமானை எடுத்திருந்தான்.

பெரியமுத்து பிறவிப் பயந்தாங்கொள்ளி. அவனை மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. சிலருக்கு உடம்பில் மச்சம் இருப்பதுபோல் அவனுக்குப் பயம் இருந்தது. துரையின் பூட்ஸ் சத்தம், கங்காணியின் செருமல், பங்களா நாய், சாயங்காலம் திடீரென்று இறங்கும் மஞ்சு மூட்டம், எல்லாவற்றுக்கும் பயம். பங்களா வேலைக்கு அவனைப் பிடித்ததே அதற்காகத்தான் என்று லயத்தில் கேலி பேசுவார்கள். பயப்படுகிறவன் சர்க்கரையைத் திருட மாட்டான் அல்லவா? அப்படிப்பட்டவன்தான் துரை வீட்டுச் சுவரில் கை வைத்தான்.

பெரிய வெள்ளம் வந்து மூணாற்றின் ரயிலையும் பாலங்களையும் வாரிக்கொண்டு போனதற்கு அடுத்த வருஷம் அது. சாய்ந்த கம்பங்களை நட்டு, கம்பி இழுத்து, பங்களா பங்களாவாகப் பெட்டியைத் திறந்து துடைத்துக்கொண்டு வந்தவன் மரியஜோசப். நாகர்கோவில்காரன். கை வேலை செய்யும்போது அவன் வாய் சும்மா இருக்காது. பெரியமுத்துவை விளக்குப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியின் பலகையைக் கழற்றினான். உள்ளே குதிரை லாடம்போல் வளைந்த மூன்று இரும்புகள் தோளோடு தோள் நின்றன. மரியஜோசப் தன் திருப்புளியைக் கிட்டே கொண்டுபோனான். அது கையிலிருந்து துள்ளிப் போய் லாடத்தில் ஒட்டிக்கொண்டது. பெரியமுத்து விளக்கோடு பின்னால் நகர்ந்தான்.

"பயப்படாதேயும் வே," என்று மரியஜோசப் சிரித்தான். "இது காந்தம். மொதல்ல இது வெறும் கல்லு, பாத்துக்கிடும். மலையில கெடந்த கருங்கல்லு. கப்பல்காரன் அதுல ஊசிய ஒரசி, நூல்ல தொங்க விட்டு வடக்கு தெக்கு பாத்தான். பெறவு கொல்லன் இரும்புக்கும் அந்தப் புத்திய ஏத்தி லாடமா வளச்சான். இப்பம் துரை வீட்டுச் சுவத்துல வந்து உக்காந்துட்டு. கைப்பிடியச் சுத்துனா அந்தப் பக்கம் மணி அடிக்க வைக்கதும் இதுதான். காதுக் குழல்ல பேசுததும் இதுக்க தம்பிதான். பட்டணத்துல துரைமார் வீட்டு விசிறியச் சுத்த வைக்கதும் இதுக்க சொந்தக்காரன்தான். இனி இது நொழையாத வீடு இருக்காது வே."

மற்றதெல்லாம் பெரியமுத்துவின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. இரும்பு ஒன்று இன்னொரு இரும்பை எட்டிப் பிடித்து விடமாட்டேன் என்றதே, அது மட்டும் மனதில் தங்கிவிட்டது. ராத்திரி கஞ்சி குடிக்கும்போது அதை அழகுத்தாயிடம் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அழகுத்தாய்க்கு இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் போய்விட்டன. பிள்ளை பெறுகிறவளின் தலைமாட்டில் இரும்பு வைப்பது வழக்கம். இரும்பு இருந்தால் காட்டேறி அண்டாது. தாய்க்கும் பிள்ளைக்கும் தீட்டுக் கழியும்வரை அந்த இரும்பு அறையை விட்டு வெளியே போகக் கூடாது. முதல் பிள்ளை மூச்சு விடாமலே பிறந்தது. இரண்டாவது பிள்ளை நன்றாக அழுதது, பால் குடித்தது. ஒரு நாள் அடுத்த வீட்டுக்காரி அவசரத்துக்கு விறகு வெட்டத் தலைமாட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலமே பிள்ளைக்கு இழுப்பு வந்து அடங்கிவிட்டது. அதிலிருந்து அழகுத்தாய் அரிவாளை நம்புவதில்லை. யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகிற இரும்பு என்ன இரும்பு என்பாள்.

இப்போது இரும்பையே பிடித்து வைக்கிற இரும்பு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவள் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அது ஒண்ணு எனக்கு வேணும்," என்றாள். அவன் பதறிப்போய் அது துரை சாமான் என்றான். அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு மாதக் கணக்கில் அப்படியே பார்த்தாள். சண்டைக்காரியாக இருந்திருந்தால் பெரியமுத்து தப்பித்திருப்பான்.

துரை கொடைக்கானலுக்குக் கிளம்பிய அன்று மத்தியானம் அவன் சமையல்கட்டுக் கத்தியால் பெட்டியைத் திறந்தான். லாடங்களைச் சேர்த்துக் கட்டியிருந்த பித்தளைப் பட்டையின் திருகாணியைத் தளர்த்தியதும் ஓரத்து லாடம் தானாகவே வெளியே வரத் துடித்தது. பக்கத்தில் நின்றது அதைத் தள்ளிவிடுவதுபோல் இருந்தது. அதற்கே தன்னோடு வர ஆசை என்று பெரியமுத்து நினைத்துக்கொண்டான். மூன்றில் ஒன்றுதானே, இன்னும் இரண்டு இருக்கிறதே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, வேட்டி மடிப்பில் அதைச் சுற்றி லயத்துக்குக் கொண்டுபோனான். மூக்கம்மாளிடம் பாக்டரியில் கிடந்த பழைய இரும்பு என்று சொன்னான். துரை வருவதற்குள் பிள்ளை பிறந்துவிடும், தீட்டும் கழிந்துவிடும், திருப்பி மாட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு.

இப்போது, பொழுது உச்சிக்கு வந்தும், அதே பெட்டியின் முன்னால் நின்று அவன் கை ஓயச் சுற்றினான். காதுக் குழலில் இரைச்சல் இருந்தது. அதனால் கம்பி அறுந்திருக்காது என்று எங்கோ உள்ளே தெரிந்தது. பெட்டிக்குப் பலம் இல்லை. மூன்று மாடு இழுத்த வண்டியை இரண்டு மாடு இழுக்கிறது, அதுவும் நனைந்த கம்பியில், மலையேற்றத்தில். அவன் குழலை மாட்டிவிட்டுக் கீழே ஓடினான்.

லயத்து வாசலில் பெண்கள் முக்காடிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் வழி விட்டார்கள். அந்த வழி விடுதலே அவனுக்கு அபசகுனமாகப் பட்டது. சாக்குத் திரைக்கு அப்பால் அழகுத்தாயின் குரல் தொண்டை கிழிந்து வந்தது. ஆண்பிள்ளை உள்ளே போகக் கூடாது. அவன் திரைக்கு வெளியே நின்று கூப்பிட்டான்.

"அத்தே."

மூக்கம்மாள் அழகுத்தாய்க்குச் சொந்த அத்தை. திரையை விலக்கி முகத்தை மட்டும் நீட்டினாள். "டாக்டர் வாராரா?"

"மணி போய்ச் சேர மாட்டேங்குது அத்தே. அந்த இரும்பு வேணும்."

"எந்த இரும்பு?"

"நான் கொண்டாந்தேனே, அது. அது பாக்டரி இரும்பு இல்ல. துரையோட டெலிபோன் பெட்டியில இருந்தது. அது இல்லாம பெட்டிக்கு உசுரு இல்ல."

லயம் முழுக்கக் கேட்டிருக்கும். பெரியமுத்துவுக்கு முதுகில் அத்தனை பேர் கண்ணும் குத்தியது. துரை காதுக்குப் போக ஒரு நாள் போதும். பங்களாவில் திருடியவனை மலையை விட்டே விரட்டுவார்கள் என்பதை அவன் மற்றவர்களுக்கு நடந்து பார்த்திருக்கிறான். ஆனால் அந்தப் பயம் இப்போது கூட்டத்தில் ஒரு ஆளாகப் பின்னால் நின்றது. முன்னால் வேறு பயம் இருந்தது.

"கூறு கெட்டவனே," என்றாள் மூக்கம்மாள் மெதுவாக. "வலியில கெடக்கவளோட இரும்ப வெளிய எடுத்தா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா? போன தடவ பாத்தேல்ல?"

"பாத்தேன் அத்தே."

"பெறவு?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளிருந்து அழகுத்தாய் பேசினாள். "நான் தர மாட்டேன்."

பெரியமுத்து திரையை ஒட்டித் தரையில் உட்கார்ந்தான். நாலு பேர் முன்னால் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"அழகு. நான் சொல்றதக் கேளு. டாக்டர் வந்தாத்தான் புள்ளயத் திருப்ப முடியும். இது இருந்தாத்தான் டாக்டரக் கூப்பிட முடியும்."

"அருவாள எடுத்தாங்க, அன்னைக்குச் சாயங்காலமே போச்சு. இத எடுத்தா இதுவும் போகும். நீங்களே எடுக்க வந்து நிக்கீகளே."

"திருப்பிக் கொண்டாந்துருதேன்."

"வெளிய போனது போனதுதான்." பிறகு வலி வந்து அவள் பேச்சை விழுங்கிக்கொண்டது. அது அடங்க வெகு நேரம் ஆயிற்று. அடங்கிய பிறகு குரல் மெலிந்து வந்தது. "டாக்டர் வந்தா புள்ள பொழைக்குமா?"

அவனுக்கு என்ன தெரியும்? மூக்கம்மாளுக்கே தெரியாது.

"பொழைக்கும்," என்றான்.

"சத்தியம் பண்ணுங்க."

பொய்ச் சத்தியம் செய்தால் கண் அவிந்துவிடும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னதிலிருந்து பெரியமுத்து விளையாட்டுக்கும் சத்தியம் செய்ததில்லை. திரைக்கு அப்பால் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அவள் காத்திருந்தாள்.

"பேச்சியம்மா மேல சத்தியமா பொழைக்கும்."

பிறகு திரை விலகி மூக்கம்மாளின் கை வந்தது. லாடம் அழகுத்தாயின் வியர்வையில் நனைந்திருந்தது. அவளுடைய கொண்டை ஊசி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவளே குடுத்தா. நான் வாங்கல," என்றாள் மூக்கம்மாள். "இந்தப் பழி எம் மேல வராது, கேட்டுக்கோ."

அவன் மேட்டுப் பாதையில் ஏறி ஓடினான். தேயிலைச் செடிகளுக்கு மேல் மஞ்சு இறங்கிப் பாதையை மூடியிருந்தது. இரண்டு தடவை வழுக்கி விழுந்தான். விழும்போது முழங்கால் போனாலும் பரவாயில்லை என்று லாடத்தை மட்டும் மார்போடு பிடித்துக்கொண்டான். அறையை விட்டு இரும்பு வெளியே வந்துவிட்டது. இந்நேரம் காட்டேறிக்குத் தெரிந்திருக்கும். அவன் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் அங்கே அவள் காவல் இல்லாமல் கிடக்கிறாள். அழுதுகொண்டே ஓடினான்.

பெட்டியைத் திறந்து லாடத்தைக் கொண்டுபோனதும் அது தானாகவே தாவிப் போய் மற்ற இரண்டோடு பச்சென்று ஒட்டிக்கொண்டது. பெரியமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பட்டையை இறுக்கிவிட்டுச் சுற்றினான். கைப்பிடி பஞ்சுபோல் லேசாகச் சுற்றியது. காதுக் குழலில் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. மறுபடி சுற்றினான். காலையில் இருந்த பலம்கூட இப்போது இல்லை என்று கைக்கே தெரிந்தது.

அவ்வளவுதான், நான் அவளைக் கொன்றுவிட்டேன் என்று வாய் விட்டுச் சொன்னான். வெறும் பங்களாவில் அந்தக் குரல் அவனையே பயமுறுத்தியது.

பட்டையைக் கழற்றி லாடத்தை வெளியே இழுத்தான். ஒட்டியது வர மறுத்தது. சுவரில் காலை ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது. இழுத்தபோதுதான் யோசனை வந்தது. அன்றைக்கு எடுக்கும்போது இப்படி ஒட்டவில்லையே, வெளியே வரத் துடித்ததே. செருப்பைக் கால் மாற்றிப் போட்டதுபோல் போட்டுவிட்டோமோ என்று நினைத்தான். லாடத்தைத் திருப்பிப் பிடித்துக் கிட்டே கொண்டுபோனான்.

அது வர மாட்டேன் என்றது. உள்ளே யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதுபோல் பக்கவாட்டில் விலகி விலகி வழுக்கியது.

காந்தத்தின் ஒரே ஜாதி முனைகள் அருகில் வந்தால் ஒன்றையொன்று தள்ளும். செய்தவர்கள் மூன்றையும் அப்படியே தள்ளத் தள்ள ஒரே பக்கமாக நிறுத்தித்தான் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள். அப்போதுதான் மூன்றின் பலமும் சேரும். மாற்றி வைத்தால் சுகமாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஒன்றின் பலத்தை ஒன்று தின்றுவிடும். பள்ளிக்கூடம் போனவர்கள் இதைச் சொல்லிவிடலாம். பெரியமுத்துவுக்கு யார் சொன்னார்கள்? அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இது பிரசவத் தீட்டுப் பட்ட இரும்பு. இது அவளிடம் திரும்பிப் போகப் பார்க்கிறது. இல்லாவிட்டால் இதற்குப் பின்னாலேயே ஒன்று வந்து, இதை உள்ளே போக விடாமல் தள்ளுகிறது.

அவனுக்கு வேட்டி நனைந்துவிட்டது. அது மழையால் அல்ல. ஓடிவிட வேண்டும் என்று கால் சொன்னது. ஆனால் எங்கே ஓடுவது? கீழே ஓடினால் அவள் கத்துவதைக் கேட்க வேண்டும்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது உள்ளங்கையால் லாடத்தை உள்ளே அழுத்தினான். அது நழுவியது. தோளைக் கொடுத்து அழுத்தினான். மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் போய் அது முக்கால்வாசி உட்கார்ந்தது. பட்டையை மாட்ட மூன்றாவது கை இல்லை. அப்படியே இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்றினான். கைப்பிடி இப்போது கனத்தது. சுற்றிய மாத்திரத்தில் ஏதோ ஒன்று அவன் இடது கையைக் கடித்து, தோள் வரைக்கும் உதறியது.

அவன் அலறிக் கையை எடுத்துவிட்டான். விரலில் காயம் இல்லை. ஈரக் கை பெட்டிக்குள் இருந்த பித்தளைக் குமிழில் பட்டு மின்சாரம் பாய்ந்திருக்கிறது என்று மரியஜோசப் இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். மரியஜோசப் அங்கே இல்லை. பெரியமுத்துவுக்குக் கடித்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை. அறையில் இரும்பு இல்லை என்றதும் காட்டேறி இரும்பின் பின்னாலேயே வந்துவிட்டது.

கையை உதறிக்கொண்டு நின்றவனுக்கு அப்போது ஒன்று தோன்றியது. அது இங்கே என்னைக் கடிக்கிறது என்றால் அங்கே அவளிடம் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அது இருக்க முடியாது. இங்கே கடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அழகுத்தாய்க்கு ஒன்றும் ஆகாது.

அவன் மறுபடி கையை உள்ளே விட்டான். அழுத்தினான். சுற்றினான். கடித்தது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சுற்றினான். கடிக்கக் கடிக்க அவன் அதை ஏசினான், கெஞ்சினான், இங்கேயே இரு, இங்கேயே இரு என்று சொல்லிக்கொண்டே சுற்றினான்.

குழலைக் காதில் வைத்தபோது ஒரு மனிதன் பேசினான். "ஆசுபத்திரி. யாரு?"

ஆசுபத்திரிக் கம்பவுண்டர் பவுல்ராஜின் குரல்.

"துரைங்களா?"

"துரை இல்லய்யா. பங்களா வேலைக்காரன் பெரியமுத்து."

"டெலிபோனத் தொட ஒனக்கு யார் சொன்னா?"

"எம் பொண்டாட்டி சாவப் போறாய்யா. புள்ள குறுக்க கெடக்கு. டாக்டரையா வரணும். நேத்துச் சாயங்காலத்துலேர்ந்து கெடக்கா."

அந்தப் பக்கம் பவுல்ராஜ் யாரையோ கத்திக் கூப்பிட்டார். குதிரைக்குச் சேணம் போடச் சொன்னது கேட்டது. பிறகு குழலில் திரும்பி வந்தார். "ஐயா கெளம்புறாரு. காலையிலேயே கூப்பிட்டா என்னப்பா? காலையில இங்க மணி ரெண்டு மூணு தடவ லேசாச் சிணுங்குச்சு. மழையில கம்பி ஒரசுதுன்னு விட்டுட்டேன்."

பெரியமுத்து குழலைப் பிடித்துக்கொண்டே நின்றான். காலையில் அவன் கூப்பிட்டது மலையைத் தாண்டிப் போயிருக்கிறது. கதவு வரைக்கும் போய், தட்டப் பலமில்லாமல் நின்றுவிட்டிருக்கிறது.

டாக்டர் வெளிச்சம் இருக்கும்போதே வந்தார். அழகுத்தாயின் மூக்கில் மருந்துத் துணியை வைத்து மயக்கிவிட்டு வேலை செய்தார். பெரியமுத்து திரைக்கு வெளியே, முன்பு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து பிள்ளை அழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். மழைச் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மூக்கம்மாள் ஒரு தடவை மூக்கைச் சிந்தினாள். அதற்குப் பிறகு அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

டாக்டர் வெளியே வந்து கை கழுவினார். தாய் பிழைத்துக்கொள்வாள் என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவளும் இல்லை. பிள்ளை ஆண் பிள்ளை, மத்தியானமே மூச்சு நின்றிருக்கும். காலையிலேயே தகவல் வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர்போல் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பெரியமுத்து அதைக் காட்டோரம் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தான்.

துரை திரும்பி வந்ததும் பங்களா வேலை போயிற்று. மலையை விட்டு விரட்டவில்லை. டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அவன் மம்பட்டி எடுத்து வேலைக்குப் போனான். அதையெல்லாம் அவன் பெரிதாக நினைக்கவே இல்லை. துரையிடம் நின்ற நேரத்தில்கூட அவன் மனம் லயத்தில்தான் இருந்தது. அழகுத்தாய் கண் விழித்த அன்று காலையில் நடந்ததோடு ஒப்பிட்டால் துரை என்ன பெரிய துரை?

பிரசவம் முடிந்த மறுநாள் அவளுக்கு நினைவு வந்தது. மூக்கம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக் கஷாயம் புகட்டிக்கொண்டிருந்தாள். திரையைப் பாதி விலக்கி வைத்திருந்தார்கள். பெரியமுத்து வாசலில் நின்றான். பக்கத்தில் பிள்ளை இல்லாததைக் கண்டு அவள் அழவில்லை. முன்பே தெரிந்ததுபோல் இருந்தாள். பிறகு தலைமாட்டில் கையை வைத்துத் தடவினாள். பாயைத் தூக்கித் தடவினாள்.

"இரும்பு எங்க?"

மூக்கம்மாள் பாயை இழுத்துச் சரி செய்தாள்.

"எங்கிட்டத்தான இருந்துச்சு. கையில புடிச்சிருந்தேன்." அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். மயக்க மருந்து அந்தப் பகலை அவளிடமிருந்து துடைத்து எடுத்திருந்தது. துடைத்தும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "யாரோ கேட்டாங்க. நான் அத்த கையில..." அவள் பேச்சு நின்றது. கண் அகலத் திறந்தது. பெரியமுத்து தன் வாழ்நாளில் எத்தனையோ பயந்திருக்கிறான். இப்படி ஒரு பயத்தை எந்த முகத்திலும் அவன் பார்த்ததில்லை. "நானா குடுத்தேன்? எங் கையாலயா எடுத்துக் குடுத்தேன்?"

"இல்ல," என்றான் பெரியமுத்து. யோசிக்காமல் வந்தது. "நாந்தான் புடுங்குனேன்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"நீ விட மாட்டேன்னு கதறுன. நான் உள்ள வந்து ஒங் கைய விரிச்சுப் புடுங்கிட்டுப் போனேன். நீ தரல."

சொல்லிவிட்டு அவன் மூக்கம்மாளைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் பொய் உடைந்துவிடும். நடந்ததெல்லாம் தெரிந்தவள், பழி தன் மேல் வராது என்று ஊர் கேட்கச் சொன்னவள்.

மூக்கம்மாள் கஷாயச் சட்டியைக் கீழே வைத்தாள். "ஆமாட்டி," என்றாள். "சொல்லச் சொல்லக் கேக்காம புடுங்கிட்டுப் போயிட்டான் பாவி."

அழகுத்தாயின் முகத்திலிருந்து அந்தப் பயம் மெல்ல இறங்கியது. அந்த இடத்தில் வேறொன்று வந்து நிரம்பியது. அதை அவன் மேலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"நீங்க நல்லா இருக்க மாட்டீக."

"சரி," என்றான் பெரியமுத்து.

"இனிமே எங்கூடப் பேசாதீக."

அவன் தலையை ஆட்டினான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, அப்போதுதான் பிள்ளைக்காக அழ ஆரம்பித்தாள். மூக்கம்மாள் அவனைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். அழகுத்தாய்க்கு ஊற்ற வெந்நீர் வேண்டும், விறகு நனைந்து கிடந்தது. அவன் பின்பக்கம் போய் அடுப்பின் முன் குனிந்து ஊத ஆரம்பித்தான்.